ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு எந்தச் சிகிச்சை? செட்டிநாட்டு வீடுகளுக்காக ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் ஒரு வீட்டில், சர்க்கரை நோயுள்ள அப்பச்சிக்கு உள்ளங்காலில் வந்த புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லை என்ற செய்தி பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தால், அன்று இரவுக்குள் ஆளுக்கொரு யோசனை வந்துவிடும். தினமும் பெட்டாடின் வைத்துக் கட்டினால் போதும் என்பார் உள்ளூர் கம்பவுண்டர். பச்சை எண்ணெய் தடவச் சொல்வார் அயித்தை. சென்னையில் இருக்கும் மகன் வெள்ளி கலந்த கட்டுத்துணியை இணையத்தில் வாங்கி அனுப்புவார். சிங்கப்பூரில் இருக்கும் மகள் உயரழுத்த ஆக்சிஜன் அறையைப் பற்றி விசாரிப்பார். இதற்கிடையில் மதுரையில் காட்டிய மருத்துவமனை புண்ணின் கசிவை உறிஞ்சி எடுக்கும் 'வாக்' எந்திரம் பொருத்துவதற்கான செலவுக் கணக்கைக் கையில் கொடுத்திருக்கும்.

இந்த ஐந்தையும் ஒரே தராசில் வைத்து எது சிறந்தது என்று கேட்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒவ்வொன்றும் புண்ணின் ஒவ்வொரு நிலைக்கு உரியது. சில, பல புண்களுக்குத் தேவையே இல்லாதவை. உள்ளங்காலில் ஒரு புண் ஆறாமல் நிற்பதற்கு மேலே வைத்த மருந்து காரணமாக இருப்பது அரிது. காலுக்கு இரத்தம் போதிய அளவு வராமல் இருப்பது, புண்ணின்மேல் உடல் எடை விழுந்துகொண்டே இருப்பது, செத்த சதை உள்ளே கிடப்பது ஆகிய மூன்றில் ஒன்றோ பலவோ அங்கே இருக்கும். ஆகவே குடும்பத்தின் பணமும் அலைச்சலும் முதலில் இந்த மூன்றுக்கும் போக வேண்டும், கட்டுத்துணியின் தேர்வு அதற்குப் பின்னரே வரும் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. மருத்துவரிடம் எதை, எந்த வரிசையில் கேட்பது என்று தெரிந்துகொள்வதற்காகவே கீழே வரும் ஒப்பீடு.

புண் ஆறும் விதம்

வெட்டுப்பட்ட இடத்தில் இரத்தக் குழாய் சுருங்கி, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சில நிமிடங்களில் இரத்தம் உறைகிறது. அந்த உறைவில் சிக்கிய தட்டணுக்களிலிருந்து வெளிவரும் வளர்ச்சிக் காரணிகள், அடுத்து வேலை செய்ய வேண்டிய செல்களை அவ்விடத்துக்கு வரவழைக்கின்றன. முதல் இரண்டு நாள்களில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்கின்றன. அவற்றைத் தொடர்ந்து வரும் மேக்ரோஃபேஜ் செல்கள் செத்த செல்களையும் குப்பையையும் விழுங்கித் துப்புரவு செய்வதோடு, கட்டுமானத்தைத் தொடங்கலாம் என்ற சைகையையும் கொடுக்கின்றன. நாலாம் நாள் முதல் ஏறத்தாழ மூன்று வாரம் வரை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் நாரை நெய்ய, புதிய நுண்குழாய்கள் துளிர்க்க, புண்ணின் தரை சிவந்த மணிமணியான சதையால் நிரம்புகிறது. ஓரத்திலிருந்து மேல்தோல் செல்கள் அந்தச் சதையின்மேல் ஊர்ந்து வந்து மூடுகின்றன. புண் மூடிய பிறகும் வேலை முடிவதில்லை. அவசரத்தில் போட்ட மூன்றாம் வகைக் கொலாஜன் நீக்கப்பட்டு, வலுவான முதல் வகை அந்த இடத்தில் அமைவதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அப்போதும் அந்தத் தோலின் இழுவலிமை பழைய தோலின் வலிமையில் 80 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை.

சர்க்கரைப் புண் பெரும்பாலும், வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொன்று துப்புரவு செய்யும் இரண்டாம் கட்டமான அழற்சியிலேயே மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது நியூட்ரோஃபில்கள் கிருமியைத் துரத்தும் வேகமும் விழுங்கும் திறனும் குறைகின்றன. துப்புரவுக்காக வந்த செல்கள் போகாமல் தங்கிவிடுவதால், அவை சுரக்கும் புரதச் சிதைவு நொதிகள் புதிதாக நெய்த கொலாஜனையும் வளர்ச்சிக் காரணிகளையும் சேர்த்தே அரித்துவிடுகின்றன. விலையுயர்ந்த வளர்ச்சிக் காரணிக் களிம்பை இத்தகைய புண்ணில் பூசும்போது அதற்கு என்ன கதி நேரும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

முதல் முடிவு: காலுக்கு இரத்தம் வருகிறதா?

மருத்துவர் புறங்காலிலும் உள்கணுக்காலின் பின்புறமும் விரல் வைத்து நாடி பார்த்தாரா என்பதைக் குடும்பத்தினர் கவனிக்க வேண்டும். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை இரத்த அழுத்தத்தால் வகுத்துப் பெறும் விகிதம் 0.9க்கும் 1.3க்கும் இடையில் இருந்தால் பொதுவாக இயல்பு என்று கொள்வர். நெடுநாள் சர்க்கரை நோயாளிக்கு இதில் ஒரு பொறி உண்டு. அவர்களுடைய தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிடுவதால், உள்ளே அடைப்பு இருந்தாலும் விகிதம் இயல்பாகவோ மிகையாகவோ காட்டும். அப்படிப்பட்டவர்களுக்குக் கால் பெருவிரலின் அழுத்தத்தை அளப்பதோ இரத்த ஓட்டத்தை ஒலியலையால் காட்டும் டாப்ளர் படம் எடுப்பதோ நம்பகமானது. பெருவிரல் அழுத்தம் 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருந்தால், எந்தக் கட்டைப் போட்டாலும் புண் ஆறுவதற்கான வாய்ப்பு குறைவு. இரத்தக் குழாய் நிபுணரிடம் சென்று அடைப்பை பலூனால் விரிப்பதா, மாற்றுப்பாதை அறுவை செய்வதா என்று பேசுவதே அப்போதைய முடிவு.

இந்த இடத்தில் செலவைப் பார்த்துத் தயங்குவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் டாப்ளர் படத்துக்கு ஆகும் தொகை, இணையத்தில் வாங்கும் வெள்ளிக் கட்டுத்துணிகளுக்கு ஒரு மாதத்தில் போகும் தொகையோடு ஒப்பிடத்தக்கதுதான். இன்னொரு செய்தியும் உண்டு. இரத்த ஓட்டமின்றிக் கறுத்து உலர்ந்துபோன விரல் இருந்தால், அதை ஈரமாக்கி மென்மையாக்க முயலக் கூடாது. ஓட்டம் சீராகும்வரை அதை உலர்வாகவே வைத்திருப்பார்கள். ஈரக் கட்டு நல்லது என்ற பொதுவிதிக்கு இது முக்கியமான விலக்கு.

இரண்டாம் முடிவு: எடையை இறக்குவது எப்படி?

செலவு குறைவு, பலன் அதிகம், ஆனால் நம் ஊரில் அநேகமாக யாருமே கேட்காத கேள்வி இது. நெடுநாள் சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன பாதத்தில் வலி இல்லை. வலி இல்லாததால் நோயாளி புண்ணின்மேலேயே நடக்கிறார். ஒவ்வோர் அடியும் அன்று துளிர்த்த சதையை நசுக்குகிறது.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டிய பணியில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தபோது, அவர்களுடைய பாதப் புண்ணுக்குத் தொழுநோய்க் கிருமியைவிட, உணர்ச்சியற்ற காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே காரணம் என்று நிறுவினார். முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் முழுவதையும் ஒட்டி வார்க்கும் முழுத்தொடுகை மாவுக்கட்டு, எடையைப் பாதம் முழுவதற்கும் காலுக்கும் பங்கிட்டுவிடுகிறது. தொழுநோய்ப் பாதத்துக்குப் பயன்பட்ட அந்த முறை பின்னர் உலகெங்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வந்தது. எம்.சி.ஆர். செருப்பு என்று நம் ஊரில் கேட்டு வாங்குகிறோமே, அந்த நுண்ணறை ரப்பர்ச் செருப்பும் தொழுநோய்ப் பணியோடு பரவியதுதான்.

இங்கே உள்ள தேர்வுகளை ஒப்பிட்டுச் சொல்ல ஆய்வு முடிவுகளும் உள்ளன. 2001இல் வெளியான, 63 பேரைக் கொண்ட ஓர் அமெரிக்க ஆய்வில், முழுத்தொடுகை மாவுக்கட்டு போட்டவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கும், கழற்றி மாட்டும் பூட்ஸ் அணிந்தவர்களில் 65 விழுக்காட்டினருக்கும், முன்பாதத்தில் எடை விழாத பாதிச் செருப்பு அணிந்தவர்களில் 58 விழுக்காட்டினருக்கும் 12 வாரங்களுக்குள் புண் மூடியது. கழற்ற முடியாத மாவுக்கட்டுக்கும் கழற்றக்கூடிய பூட்ஸுக்கும் அழுத்தத்தைக் குறைக்கும் திறனில் பெரிய வேறுபாடு இல்லை. கழற்ற முடிந்தால் கழற்றிவிடுவார்கள் என்பதே வேறுபாடு. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், உள்ளங்காலின் முன்பகுதியிலும் நடுப்பகுதியிலும் வரும் நரம்புப் புண்ணுக்குக் கழற்ற முடியாத, முழங்கால் வரை வரும் சாதனத்தையே முதல் தேர்வாகச் சொல்கிறது.

செட்டிநாட்டில் இதைச் செயல்படுத்துவதில் தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. முகப்பில் தொடங்கி வளவைக் கடந்து இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும் வீட்டில், படுக்கை முன்னாலும் குளியலறையும் கழிப்பறையும் கொல்லைப்புறத்திலுமாக இருக்கும். "நான் எங்கேயும் நடப்பதில்லை, வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறேன்" என்று மருத்துவரிடம் சொல்லும் அப்பச்சி, ஒரு நாளில் அந்த நீளத்தை எத்தனை முறை கடக்கிறார் என்று யாரும் எண்ணுவதில்லை; அதுவும் வெறுங்காலோடு, நிலைப்படிகளைத் தாண்டித் தாண்டி. வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை என்ற வழக்கத்தைப் புண் இருக்கும் காலத்திலாவது தளர்த்தியே ஆக வேண்டும். படுக்கையைக் கழிப்பறைக்கு அருகிலுள்ள அறைக்கு மாற்றுவதும், இரவுக்கு ஒரு நாற்காலிக் கழிப்பறை வாங்கி வைப்பதும் பல கட்டுத்துணிப் பெட்டிகளைவிட அதிக வேலை செய்யும்.

மாவுக்கட்டு எல்லோருக்கும் பொருந்தாது. இரத்த ஓட்டம் மோசமாக இருந்தாலோ, கிருமித் தொற்று தீவிரமாக இருந்தாலோ, இரண்டும் சேர்ந்து இருந்தாலோ போடக் கூடாது. பயிற்சி பெற்றவர் வார்க்க வேண்டும்; வாரம் ஒருமுறை பிரித்துப் பார்த்து மாற்ற வேண்டும்; சித்திரை வெயிலில் அதற்குள் கால் வேகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நடையில் தள்ளாட்டமுள்ள முதியவருக்கு விழும் அபாயமும் உண்டு. அத்தகையவர்களுக்குக் கழற்றக்கூடிய பூட்ஸ், அதுவும் இயலாதபோது புண்ணைச் சுற்றிக் கனத்த ஃபெல்ட் அட்டை ஒட்டிச் சரியான அளவுச் செருப்பு என்று படிப்படியாக இறங்கலாம். ஆறாத புண்ணுக்கு எம்.சி.ஆர். செருப்பு மட்டும் போதாது. அது ஆறிய பிறகு மீண்டும் வராமல் காப்பதற்கு உரியது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வீணாகும் மாதங்கள் ஏராளம்.

மூன்றாம் முடிவு: செத்ததை அகற்றுவது

இதில் ஒப்பீடு நீளத் தேவையில்லை. புண்ணைச் சுற்றித் தடித்த காய்ப்பையும் உள்ளே மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஒட்டியிருக்கும் செத்த திசுவையும் கத்தியால் சீவி எடுப்பதே அடிப்படை முறை. இரத்த ஓட்டம் இருக்கும் காலில் அது ஒவ்வொரு வருகையின்போதும் தேவைப்படலாம். நரம்பு மரத்திருப்பதால் பெரும்பாலும் மயக்கமருந்துகூட வேண்டியிராது. பப்பாளி நொதி கலந்த களிம்புகளும், தானாக இளகச் செய்யும் ஜெல்களும், கிருமி நீக்கி வளர்த்த புழுக்களைக் கொண்டு செய்யும் சிகிச்சையும் கத்தி வைக்க முடியாத இடங்களுக்கு மாற்று. கால் ஆணி என்று நினைத்துப் பிளேடால் வீட்டிலேயே சீவுவதும், கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரி ஒட்டுவதும் இந்த வரிசையில் சேராது. அந்தப் பிளாஸ்திரியில் உள்ள சாலிசிலிக் அமிலம் மரத்த காலில் புதுப் புண்ணையே உண்டாக்கிவிடும்.

கட்டுத்துணிகள்: எதற்கு எது?

உலர்ந்த காஸ் துணியைப் பிரிக்கும் காட்சியை ஒரு முறையாவது அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் குறை விளக்காமலே தெரியும். நேற்று வைத்த துணி கசிவை உறிஞ்சிக் காய்ந்து, நூலிழைகள் புண்ணின் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். செவிலியர் அதை ஒரு மூலையிலிருந்து உரிக்கும்போது, இழைகளுக்கு நடுவே வளர்ந்த சிவந்த மணிகள் துணியோடு பிய்ந்து வர, புண்ணில் புள்ளி புள்ளியாக இரத்தம் கசியும். "இரத்தம் வருது, நல்ல சதைதான்" என்று ஆறுதல் சொல்லப்படும். நல்ல சதைதான், அதைத்தான் இப்போது பிய்த்தெடுத்தார்கள்.

1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், பன்றியின் தோலில் உண்டாக்கிய மேலோட்டமான காயங்களில் ஒரு பகுதியைக் காற்றுப்பட விட்டும், மறு பகுதியைப் பாலித்தீன் படலத்தால் மூடியும் வைத்துப் பார்த்து, மூடப்பட்டு ஈரமாக இருந்தவற்றில் மேல்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் மூடியதாக 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். பொருக்கு கட்டினால்தான் ஆறும், காற்றுப்பட்டால்தான் காயும் என்ற நம்பிக்கையை அசைத்த ஆய்வு அது. ஆத்தங்குடியில் தளக்கல் வார்ப்பவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. புதிதாக வார்த்த கல்லைத் தண்ணீரில் போட்டுப் பதப்படுத்தாமல் வெயிலில் காயவைத்தால் அது இறுகாமல் வெடித்துவிடும் என்பது அவர்கள் நாளும் காண்பது. ஆனால் புண்ணுக்கு வேண்டியது ஈரப்பதம், ஊறல் அன்று. கசிவு தேங்கி ஓரத் தோல் வெளுத்து ஊறிப்போனால் புண் பெரிதாகும்.

ஆகவே கட்டுத்துணியைத் தேர்வதற்கு உண்மையான அளவுகோல் கசிவின் அளவுதான். கசிவு குறைவாக இருக்கும் புண்ணுக்கு, உப்புநீரில் நனைத்த காஸோ, வாஸ்லைன் தோய்த்த வலைத்துணியோ, ஹைட்ரோஜெல்லோ போதும். மிதமான கசிவுக்கு நுரைக் கட்டு வசதியானது. அதை இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கசிவு மிகுந்தால் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கட்டு உறிஞ்சும். ஹைட்ரோகொல்லாய்டு என்னும் பசைக் கட்டு காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்வதால், தொற்று இருக்கும் என்ற ஐயமுள்ள பாதத்தில் தவிர்ப்பதே நல்லது.

விலையை ஒப்பிடும்போது ஒரு கணக்கை மறந்துவிடுகிறோம். ஒரு காஸ் கட்டுக்குச் சில பத்து ரூபாயும் நுரைக் கட்டுக்குச் சில நூறு ரூபாயும் ஆகலாம். ஆனால் கானாடுகாத்தானிலிருந்தோ கோட்டையூரிலிருந்தோ தினமும் ஆட்டோ வைத்துக் காரைக்குடிக்குப் போய்க் கட்டுப் போட்டு வருவதற்கும், மூன்று நாளுக்கு ஒருமுறை போவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்தால், விலை அதிகமானது பல நேரங்களில் மலிவாகிவிடும். வீட்டிலேயே கட்டத் தெரிந்த ஒருவர் இருந்தால் கணக்கு மறுபடியும் மாறி, உப்புநீர் காஸே வெல்லும். 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்புக் கரைத்தால் அந்த உப்புநீர் கிடைத்துவிடும். அன்றன்றைக்குப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும்.

பெட்டாடின் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். தொற்றுள்ள புண்ணில் குறுகிய காலத்துக்கு அதற்கு இடம் உண்டு. சுத்தமான, சிவந்த புண்ணில் வாரக்கணக்கில் ஊற்றுவதற்குக் காரணம் இல்லை; ஆய்வுக்கூடத்தில் அது கிருமியோடு ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களையும் கொல்வது காணப்பட்டுள்ளது. நுரைத்துப் பொங்குவதைப் பார்க்கும் திருப்திக்காக ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவதை இன்றே நிறுத்தலாம். வெள்ளி கலந்த கட்டு, தேன், கொலாஜன் கட்டு, ஆல்ஜினேட் ஆகிய எதையும் புண் விரைவில் ஆறும் என்ற எதிர்பார்ப்பில் சர்க்கரைப் புண்ணுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று, மேலே சொன்ன 2023 வழிகாட்டுதல் கூறுகிறது. கசிவை உறிஞ்சுவதற்காக ஆல்ஜினேட்டை வைப்பது வேறு. ஆற்றும் என்று நம்பி வைப்பது வேறு. தேனுக்கு மேலோட்டமான தீக்காயத்தில் நல்ல சான்று இருக்கிறது. அதுவும் கதிர்வீச்சால் கிருமி நீக்கிய மருத்துவத் தேனுக்குத்தான். பிரான்மலைத் தேனை நேராக ஆழமான பாதப் புண்ணில் ஊற்றினால் அதிலுள்ள பாக்டீரிய வித்துகளும் சேர்ந்தே போகும்.

அயித்தை சொன்ன பச்சை எண்ணெய் சித்த மருத்துவத்தின் மத்தன் தைலம். ஊமத்தை இலைச் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் துருசு சேர்த்துச் செய்வது. துருசு தாமிரச் சேர்மம் என்பதால் கிருமிகளை அடக்கும் தன்மை உடையது. எண்ணெய், துணி ஒட்டாமல் தடுக்கிறது. மேலோட்டமான, இரத்த ஓட்டம் நன்றாக உள்ள புண்ணுக்கு, அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் காட்டி, அவர்கள் கொடுக்கும் தைலத்தைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. எலும்பு தெரியும் ஆழப் புண்ணுக்கும் சீழ்ப் பைக்கும் அது மருந்தாகாது என்பதைப் பொறுப்புள்ள சித்த மருத்துவர்களே சொல்வார்கள். சுண்ணாம்பு, காப்பித் தூள், அடுப்புச் சாம்பல் ஆகியவற்றை இதனோடு ஒரே வரியில் வைப்பது சித்த மருத்துவத்துக்குச் செய்யும் அவமதிப்பு.

விலை கூடிய சிகிச்சைகள்

'வாக்' எனப்படும் எதிர்மறை அழுத்தச் சிகிச்சையில், புண்ணில் நுரைப்பஞ்சை வைத்துக் காற்றுப் புகாமல் படலம் ஒட்டி, எந்திரத்தால் வழக்கமாக 125 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உறிஞ்சுகிறார்கள். பஞ்சை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். இது கசிவை வெளியேற்றி, வீக்கத்தைக் குறைத்து, சதை துளிர்ப்பதைத் தூண்டுகிறது. விரலையோ பாதத்தின் ஒரு பகுதியையோ அகற்றிய அறுவைக் காயங்களில் 2005இல் வெளிவந்த 162 பேர் ஆய்வில், 16 வாரங்களில் 'வாக்' பெற்றவர்களில் 56 விழுக்காட்டினருக்கும் வழக்கமான ஈரக் கட்டுப் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் காயம் மூடியது. எனவே அறுவைக்குப் பின் பள்ளமாக நிற்கும் காயத்துக்கு அந்தச் செலவுக் கணக்கில் நியாயம் உண்டு. அறுவை ஏதும் செய்யாத, ஒரு ரூபாய் நாணய அளவுள்ள உள்ளங்கால் புண்ணுக்கு அதே எந்திரத்தை எழுதிக் கொடுத்தால், ஏன் என்று கேட்பதற்குக் குடும்பத்துக்கு உரிமை உண்டு; வழிகாட்டுதலும் அப்படிப்பட்ட புண்ணுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை.

உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சையில் நோயாளி, இயல்பைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேலான அழுத்தமுள்ள அறையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் முப்பது நாற்பது அமர்வுகள் தேவைப்படும். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இரத்த ஓட்டம் குறைந்து, மற்ற எல்லா முயற்சிகளும் பலிக்காத புண்ணுக்குத் துணைச் சிகிச்சையாக எண்ணிப் பார்க்கலாம் என்பதே இன்றைய நிலை. காரைக்குடியிலிருந்து மதுரைக்கு 80 கி.மீ.க்கு மேல். ஆறு முதல் எட்டு வாரம் வரை காரில் காலைத் தொங்கவிட்டுப் போய்வருவதையும், அங்கேயே அறை எடுத்துத் தங்குவதையும் சேர்த்து யோசித்தால், அந்தப் பணத்தில் இரத்தக் குழாய் அடைப்பை நீக்க முடியுமா என்று முதலில் கேட்பதே அறிவுடைமை.

வளர்ச்சிக் காரணி ஜெல்கள் 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதிலிருந்து இருக்கின்றன. இந்தியாவிலும் இந்த வகைத் தயாரிப்புகள் கிடைக்கின்றன. இவையும், நோயாளியின் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் தட்டணுச் செறிவும் வழக்கமான சிகிச்சைக்கு மேல் போடும் மேல்மெருகு. அடிப்படை மூன்றும் சரியாக நடந்தும் புண் நின்றுபோயிருந்தால் மட்டுமே எண்ணிப் பார்க்க வேண்டியவை. கட்டுத்துணி வகையில் நான் மதிப்புக் கொடுப்பது சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் கலந்த ஒன்றுக்கு மட்டுமே. மேலே சொன்ன புரதச் சிதைவு நொதிகளை அடக்கும் அந்தக் கட்டை 2018இல் வெளியான ஆய்வில் பயன்படுத்தியபோது, தொற்று இல்லாத, நரம்பும் இரத்த ஓட்டமும் ஒருங்கே பாதித்த புண்களில் 48 விழுக்காடு 20 வாரங்களில் மூடின. அந்த மருந்து சேராத அதே வகைக் கட்டில் 30 விழுக்காடு. தோல் ஒட்டு, புண்ணின் தரை சமமாகச் சிவந்து வந்த பிறகு நேரத்தை மிச்சப்படுத்தும். எடை விழும் உள்ளங்காலில் ஒட்டிய மெல்லிய தோல் அவ்வளவாக நிலைப்பதில்லை.

தேர்வுக்கே இடமில்லாத நேரமும் உண்டு. புண்ணைச் சுற்றி 2 சென்டிமீட்டருக்கு மேல் சிவப்புப் படர்ந்தாலோ, கால் திடீரென வீங்கினாலோ, துர்நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ, சர்க்கரை காரணமின்றி ஏறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்றோ அமாவாசை போகட்டும் என்றோ காத்திருக்கக் கூடாது. மாறாக, தொற்றுக்கான அடையாளம் எதுவும் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுப்பதால் அது விரைவாக ஆறுவதில்லை. புண்ணுக்குள் மழுங்கிய கம்பியை விட்டால் எலும்பு தட்டுப்பட்டது என்று மருத்துவர் சொன்னால், எலும்பில் தொற்று இருக்கக்கூடும். அப்போது ஆறு வார அளவிலான மருந்தா, கெட்ட எலும்பை மட்டும் எடுக்கும் சிறு அறுவையா என்ற தேர்வு எழும். பாதத்தின் முன்பகுதியில், சீழ்ப்பை இல்லாத நிலையில், இரண்டுமே ஏற்கத்தக்க வழிகள். அலைச்சலையும் சிறுநீரக நிலையையும் பார்த்து முடிவு செய்யலாம்.

சாப்பாடும் அளவெடுப்பும்

முட்டை, பருப்பு, மீன் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைப்பது, விருந்துக்குப் பேர்போன இந்த வட்டாரத்திலும் நடக்கிறது. கொலாஜன் என்பதே புரதம். கஞ்சியும் ரசஞ்சோறும் மட்டும் கொடுத்து அதை நெய்யச் சொல்ல முடியாது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவைப்படலாம். சிறுநீரகப் பாதிப்புள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும். ஊறுணியில் காலை நனைப்பதும், மரத்த காலை வெந்நீர் அண்டாவில் வைத்து இதம் பார்ப்பதும் புண் இருக்கும்வரை கூடாது.

தேர்ந்த வழி சரியா என்பதை உணர்வால் முடிவு செய்யாமல் அளந்து பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், புண்ணருகே அளவுகோலை வைத்துக் கைப்பேசியில் படமெடுத்து, நீளத்தையும் அகலத்தையும் குறித்துவைத்தால், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அனுப்பலாம், மருத்துவரிடமும் காட்டலாம். நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால், 12 வாரத்துக்குள் அது மூடும் வாய்ப்பு மிகவும் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த நிலையில் கட்டுத்துணியை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காமல், இரத்த ஓட்டம், எடை, எலும்புத் தொற்று ஆகியவற்றை மறுபடியும் முதலிலிருந்து பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மூடிய புண் திரும்பி வருவது விதிவிலக்கன்று. ஆறிய சர்க்கரைப் புண்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஓராண்டுக்குள்ளும் 65 விழுக்காடு ஐந்தாண்டுக்குள்ளும் மீண்டும் வருகின்றன. இந்த வட்டாரத்தில் அதற்கான சோதனை தை மாதத்தில் வரும். நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு வெறுங்காலோடு நடப்பது தலைமுறைகளாகத் தொடரும் வேண்டுதல். அதை விடு என்று ஒரு பெரியவரிடம் சொல்வது எளிதன்று. எனினும், ஓராண்டுக்குள் ஆறிய பாதத்தோடு வெறுங்காலில் அந்தத் தூரத்தை நடப்பதை மருத்துவ அளவில் எந்த வகையிலும் ஆதரிக்க முடியாது. அந்த ஆண்டு நடைக்குப் பதிலாக அன்னதானப் பணியிலோ வண்டியில் உடன் செல்வதிலோ வேண்டுதலை நிறைவேற்றிக்கொள்ளலாம். நடந்தே தீர வேண்டும் என்பவர் எம்.சி.ஆர். செருப்பும் தையல் உறுத்தாத காலுறையும் அணிந்து, குறைந்த தூரம் மட்டும் நடந்து, ஒவ்வொரு தங்கலிலும் இரு பாதங்களையும் இன்னொருவர் கண்ணால் பார்க்கச் செய்ய வேண்டும். அதற்கு முன்பாக, மார்கழியிலேயே 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாத உணர்வைச் சோதித்துக்கொண்டு, இழை பட்டது எந்தெந்த இடத்தில் தெரியவில்லை என்பதை ஒரு தாளில் குறித்து வாங்கி, பாதத்தைப் பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டால், எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.